வலது முழங்கால் பெயர்ச்சொல், இடது முழங்கால் வினைச்சொல்

தி.நகர்
4 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்திரிகா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் நெஞ்செரிச்சல் எப்படி? மதினி பச்சை மிளகாயைக் குறைத்தார்களா, அல்லது நீங்கள் ஒளித்து வைத்துக் கடிக்கிறீர்களா?

தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்கு அரை மணி பஸ். இதற்குப் போய் இவள் ஏன் தபால் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் எட்டு, பூட்டு நம்பர் ஒன்று. 1987, எங்கள் ஜாக்கெட் துணிக் கடை மேட்சிங் சென்டர் திறந்த வருஷம். இவருடைய அண்ணன், கடைக்கும் வீட்டுக்கும் தலைவரான எங்கள் பெரியத்தான் அய்யாதுரை போட்ட ஏற்பாடு அது. யார் போன் அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். மெசேஜ் வந்தால் வாசித்து, பதிலும் அவரே போட்டுவிடுவார். போன மாதம் பெங்களூரிலிருந்து என் மகள் லாவண்யா பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினாள். என் போனிலிருந்து அவளுக்கு 'அந்தக் கலர் ஸ்டாக் இல்லை' என்று பதில் போயிருக்கிறது.

இப்போது விஷயம். செவ்வாயும் வெள்ளியும் நான் அடையாறு போகிறேன். வீட்டில் முழங்கால் வலிக்கு பிசியோதெரபி என்று சொல்லியிருக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. காந்தி நகரில் ஜுவேரியா மேடம் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. மேடத்தின் கடைசிப் பரீட்சையில் தேறினவர்களை அங்கே வரவேற்பு மேஜைக்கு எடுத்துக்கொள்வார்கள். வருகிறவர்களுக்கு எந்த மாடி, எந்த டாக்டர் என்று வழி சொல்லும் வேலை. எனக்கு நாற்பத்தாறு வயது அண்ணே. இந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம். இதுவரை யாரும் என்னிடம் வழி கேட்டதில்லை.

கல்லாப் பக்கமே விடாதவர்கள் வேலைக்கு விடுவார்களா? ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் உண்டு. அதுவரை ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

பரீட்சை அக்டோபர் பத்து. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பற்றி எழுந்து நின்று ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். அர்த்தம் என்ன, எப்படிப் பயன்படுத்துவது, எங்கிருந்து வந்தது, கடைசியாக நாமே நேரில் அறிந்த ஓர் உதாரணம். எனக்கு வந்த சொல் 'டான்டிங்'. பயமுறுத்துவது மாதிரி என்றார் மேடம், மீதியை நீங்களே தேடுங்கள் என்றுவிட்டார். பிரஸ்ஸில் முப்பது வருஷம் பிழை திருத்திய அண்ணன் இருக்கும்போது நான் எங்கே போய்த் தேடுவேன்?

'மாடவீதி மடல்' பேப்பரில் 'உப்புமா' என்ற பெயரில் வாராவாரம் 'கொசுறு' எழுதி ஊர் மானத்தை வாங்குகிற ஆளிடம் ரகசியம் சொல்கிறேன் என்றால், எனக்கு வேறு ஆள் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மதினிக்கும் சொல்ல வேண்டாம். பதிலை ஜுவேரியா மேடம் விலாசத்துக்குப் போடுங்கள். உறையின் பின்னால் இருக்கிறது.

தங்கை,
சந்திரிகா


மயிலாப்பூர்
11 ஜூலை 2025

பாசமுள்ள சந்திரிகாவுக்கு,

முழங்கால் எப்படி? சிரிக்காதே. இனிமேல் நலம் விசாரிப்பதென்றால் முழங்காலைத்தான் விசாரிப்பேன், கடிதம் யார் கையில் சிக்கினாலும் ஆபத்தில்லை. என் நெஞ்செரிச்சல் வெகு நலம். நானும் அதுவும் இருபது வருஷமாக ஒரு நாள் பிரிந்ததில்லை. புஷ்பத்துக்கும் எனக்கும்கூட அப்படியோர் ஒற்றுமை கிடையாது.

உன் கடிதத்தைப் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். "என்ன, உள்ளே சத்தத்தையே காணோம்? இருக்கியளா?" என்று உன் மதினி கதவைத் தட்டினாள். "இருக்கேன், சிந்திக்கேன்" என்றேன். "எதுக்கு வேண்டாத வேலை" என்று போய்விட்டாள்.

என் வாயைப் பற்றி நீ எழுதியது நியாயம். மூன்றாம் மாடிக்காரரின் பல்செட் சமாச்சாரம் லஸ் முனை வரைக்கும் போனதற்கு நான்தான் காரணம். ஆனால் இது என் தங்கச்சி காரியம். தெப்பக்குளத்துப் படியில் நின்று சத்தியம் செய்தேன். ஒரு மீன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டது. அதற்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. நீ நம்பு.

சொல்லுக்கு வருவோம். பயத்தில் பல ரகம். உங்கள் கடையில் ஒரு பச்சைக்கு முப்பது பச்சை இருக்கிற மாதிரி. தெருநாய் துரத்தினால் வருவது வெறும் பயம், ஓடினால் தீர்ந்தது. அந்த நாயைப் பிடித்து நீதான் குளிப்பாட்ட வேண்டும் என்று யாராவது வாளியைக் கையில் கொடுத்தால் வரும் பார், அதுதான் டான்டிங். ஓடவும் முடியாது, கை வைக்கவும் துணிச்சல் வராது. நாம் 'மலைப்பு' என்கிறோமே, அதற்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம்.

எப்படிப் பயன்படுத்துவது? பெரும்பாலும் செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் நிற்கும். 'டான்டிங் டாஸ்க்' என்பார்கள். பேய்க்கும் பாம்புக்கும் இது சரிப்படாது. ஆளுக்குச் சொல்லலாமா? சொல்லலாம். அய்யாதுரை அண்ணாச்சிக்குச் சொல்லலாம், அவர் காதில் விழாமல். மலைப்பே இல்லாமல் மேலே போகிறவரை 'அன்டான்டட்' என்பார்கள். அதை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு அகராதி பரணில் இருக்கிறது. ஏணி மூன்றாம் மாடிக்காரரிடம் இருக்கிறது. பல்செட்டுக்கு அப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. கொஞ்சம் பொறு.

உன் அண்ணன்,
கனகராஜ்


அடையாறு (வகுப்பிலிருந்து)
22 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை டெஸ்க்குக்கு அடியில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். ஜுவேரியா மேடம், "இன்னா சந்திரிகா, பக்கத்துல இருக்கவங்களுக்கும் சொல்லுங்க, நாங்களும் சிரிக்கிறோம்" என்றார். நாய்க்கு வாளி உதாரணத்தைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மேடம் அதை போர்டில் எழுதிப் போட்டார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் போர்டில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

முழங்கால் கேட்டிருந்தீர்கள். அதில்தான் எனக்கு ஒரு சங்கடம். இவர் நம்புகிறார். செவ்வாய், வெள்ளி கடையை விட்டு வந்ததும் தைலத்தைச் சூடு பண்ணி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் தேய்த்துவிடுகிறார். "பிசியோக்காரன் என்னத்தப் பண்றான், வீக்கமே கொறையலியே" என்று கவலைப்படுகிறார். வீக்கமே இல்லை அண்ணே, என் கால் அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஆர்டர் வந்த அன்றைக்கு முதலில் இவரிடம்தான் சொல்வேன், நானே என் வாயால். அதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஏணி கிடைத்ததா? நெஞ்செரிச்சலுக்கு ஓமத் தண்ணீர் குடியுங்கள்.

சந்திரிகா


மயிலாப்பூர்
2 ஆகஸ்ட் 2025

அருமைத் தங்கச்சிக்கு,

முழங்கால்கள் இரண்டும் மாப்பிள்ளையின் கைப்பக்குவத்தில் பளபளவென்று இருக்கும் என நம்புகிறேன். எனக்கு ஓமத் தண்ணீர் ஒத்துக்கொண்டது, பச்சை மிளகாய்க்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏணி கிடைக்கவில்லை. நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் நான். அகராதியும் தூசியும் நானும் ஒன்றாக இறங்கினோம்.

லத்தீனில் 'டொமிட்டாரே' என்று ஒரு சொல். பழக்குவது, அடக்குவது என்று அர்த்தம். காட்டில் திரிந்த குதிரையைப் பிடித்துக் கட்டி வழிக்குக் கொண்டுவருவது. அது பிரெஞ்சுக்காரன் வாயில் கொஞ்ச காலம் ஊறி, இங்கிலீஷ்காரனிடம் வரும்போது 'டான்ட்' ஆகிவிட்டது. முதலில் அங்கேயும் அடக்குவது என்ற அர்த்தம்தான். போகப் போக அது தேய்ந்து, பயமுறுத்தித் துணிச்சலைப் பறிப்பது என்று ஆகிவிட்டது. யோசித்தால் நியாயம்தான். அடக்க வருகிறவன் வேறென்ன செய்வான்?

கடைசி உதாரணத்துக்கு நீ அவசரப்படாதே. உனக்கு இந்தச் சொல் எவ்வளவு உண்மை என்று தெரிவதற்கு ஒன்று சொல்கிறேன். புஷ்பத்துக்குக்கூடத் தெரியாது.

மூன்று வருஷம் முன்னால் மந்தைவெளி மண்டபத்தில் நகைச்சுவை மாலை நடந்ததே, பாயசம் வயிற்றைக் கலக்கியதால் நான் பேச முடியாமல் போன அந்த மாலை. பாயசத்தில் ஒரு தப்பும் இல்லை. மேடை ஏறினேன். இருநூறு முகம். "வணக்கம்" என்றேன். இன்னொரு தடவை "வணக்கம்". மூன்றாவது தடவையும் அதுவேதான் வந்தது. நாலாவதுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்துப் படியில் இறங்கி, சமையல்கட்டு வழியாக வெளியேறி, போட்ட பொன்னாடையோடு லஸ் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பூ விற்ற அம்மா, "மாப்பிள்ளை ஓடி வந்துட்டியா நைனா?" என்று கேட்டாள். இந்த வயசில்! வீட்டுக்கு வந்து பாயசத்தின் மேல் பழியைப் போட்டேன். அந்தச் சமையல்காரரை எல்லோரும் சேர்ந்து திட்டித் தீர்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மேடை கிடையாது, எழுத்து மட்டும்தான்.

இது உனக்கு மட்டும்.

கனகராஜ்


தி.நகர்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியம் கேட்கக்கூடத் தோன்றவில்லை. நீங்கள் பஸ் ஸ்டாப்பில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கு நான் இஞ்சிக் கஷாயம் செய்து கொடுத்தனுப்பினேன். அதையும் குடித்தீர்களா? வயிற்றில் ஒன்றுமில்லாமலா?

என் கடைசி உதாரணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடையாது. ஆனால் இது உங்களுடையது. நான் சொல்ல மாட்டேன். கவலைப்பட வேண்டாம்.

குதிரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பால் பொங்கிவிட்டது.

சந்திரிகா


மயிலாப்பூர்
9 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதம். முழங்கால் தேவலையா? இங்கே மெட்ரோ வேலைக்கு மாட வீதிப் பக்கம் இன்னும் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். தேங்காய் வாங்கப் போனால் சாந்தோம் வழியாகச் சுற்றித் திரும்ப வேண்டியிருக்கிறது. மூன்றாம் மாடிக்காரர் ஏணியைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார், ஏனென்று தெரியவில்லை. சந்தேகமாக இருக்கிறது.

மடல் ஆசிரியர் உபைத்தை உனக்குத் தெரியுமே. நல்ல பையன், பேச்சு மட்டும் கடன் வசூலிக்க வந்த ஈட்டிக்காரன் மாதிரி. போன வாரம் வாசலில் நின்றுகொண்டு, "கனகு சார், கொசுறு இல்லாம பக்கம் வெள்ளையா கீது, ஒரு மணி நேரத்துல குடு சார்" என்றான். கைவசம் ஒன்றும் இல்லை. ஏதோ எழுதிக் கொடுத்தேன். அப்புறம்தான் சொல்கிறான், இந்த மாதத்திலிருந்து மடலை அடையாறு, மாம்பலம் எல்லாம் போடுகிறானாம். இலவசப் பேப்பரை யார் படிக்கப் போகிறார்கள்? உங்கள் வீட்டுப் பக்கம் வாசலில் ஏதாவது எறிகிறார்களா? சும்மா கேட்டேன்.

பரீட்சைக்கு மேஜையைப் பார்த்துப் பேசாதே. கடைசி வரிசைத் தலைக்கு மேலே பார்.

கனகராஜ்


தி.நகர்
17 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். பெரியத்தான் ஹாலில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா, இன்னைக்கு எந்த முழங்கால்?" என்றார். கடைப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவுமில்லை. சிரிப்பு மட்டும்தான். மறுநாள் என் போனை எடுத்தால் பூட்டு திறக்கவில்லை. 1987 போட்டால் தப்பு என்கிறது. எட்டுப் போனுக்கும் நம்பரை மாற்றிவிட்டார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் புது நம்பர் தெரியும். என் போனைத் திறக்க நான் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.

இவர் தைல பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தேய்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சியா?" இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை.

யார் சொல்லியிருப்பார்கள் அண்ணே? உங்களையும் ஜுவேரியா மேடத்தையும் விட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் செவ்வாய்க்கிழமை, வீட்டில் யாரும் தடுக்காததால் வகுப்புக்குப் போய், மேடத்திடம் கேட்டேவிட்டேன், எல்லோர் முன்னாலும், கொஞ்சம் சத்தமாகவே. அவர் திருப்பிச் சத்தம் போடவில்லை. "நா சொல்லல சந்திரிகா. நீங்க நம்பலேன்னா நா இன்னா பண்ண முடியும்" என்றார். அவர் முகம் சின்னதாகிவிட்டது. அவர்தானா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சந்திரிகா


மயிலாப்பூர்
25 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் நேராக வருகிறேன். மனதைத் தளர விடாதே.

யார் என்று எப்படிச் சொல்வது? சென்னையில் ரகசியம் காப்பது சல்லடையில் ரசம் வைக்கிற வேலை. அடையாறு பஸ்ஸில் உன்னைக் கடை வாடிக்கைக்காரர் யாராவது பார்த்திருக்கலாம். பிசியோதெரபிக்குப் போகிறவள் கையில் நோட்டுப் புத்தகம் எதற்கு என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம். நீ சொல்லாமலே லாவண்யா எப்படியோ மோப்பம் பிடித்து வாய் தவறியிருக்கலாம். மேடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, பத்துப் பேர் வந்து போகிற இடம், அவரும் மனுஷிதானே. யார் மேலும் பழி சொல்ல வேண்டாம், ஆனால் யாரையும் தள்ளிவிடவும் முடியாது.

முக்கியமானது பரீட்சை. நடந்ததை யோசிக்காதே. 'அன்டான்டட்' என்ற சொல்லை உனக்காக எடுத்து வைத்தேனே, அதைக் கடைசி வரியில் வை.

உன் மதினி முறுக்கு அனுப்பியிருக்கிறாள். உனக்கு முழங்கால் வலி என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன், அதனால் எள் கூடப் போட்டிருக்கிறாள்.

கனகராஜ்


தி.நகர்
13 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

முறுக்கு நன்றாக இருந்தது என்று மதினியிடம் சொல்லுங்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் இவருக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். தீபாவளிக் கூட்டம். கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு பேப்பர் துண்டை லேமினேட் பண்ணி மாட்டியிருக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்று வாசித்தேன்.

'மாம்பலம் பக்கம் ஓர் அம்மா. பெயர் வேண்டாம், பாவம். வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு முழங்கால் வலி வரும். மருந்து அடையாற்றில் இருக்கிறது. வலது முழங்காலுக்குப் பெயர்ச்சொல் கட்டுகிறார்கள், இடது முழங்காலுக்கு வினைச்சொல். வீட்டுக்காரர் இலக்கணத்துக்குத் தைலம் தேய்க்கிறார், வீக்கம் குறையவில்லையே என்று வேறு கவலைப்படுகிறார். அந்த வீட்டில் எட்டுப் போன், பூட்டு ஒன்று, 1987...'

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கே ஓரிடத்தில் சிரிப்பு வந்தது. பெயரை மாற்றினீர்கள், பூட்டு நம்பரை மாற்ற மறந்துவிட்டீர்கள்.

மறந்ததைக்கூட விடுங்கள். உங்கள் செப்டம்பர் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். 'உங்கள் வீட்டுப் பக்கம் வாசலில் ஏதாவது எறிகிறார்களா, சும்மா கேட்டேன்.' அப்போதே தெரியும் உங்களுக்கு. அதற்கு அடுத்ததில் பஸ்ஸைச் சொன்னீர்கள், நோட்டுப் புத்தகத்தைச் சொன்னீர்கள், என் மகளைச் சொன்னீர்கள். மேடத்தைத் தள்ளிவிட முடியாது என்றீர்கள். அந்தப் பாயசக்காரரை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர், இன்றைக்கு ஜுவேரியா மேடம்.

மேடத்தின் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, மொதல்ல பரீட்சையப் பாருங்க" என்றார்.

பரீட்சைக்குப் போனேன். இவர், "போறதுன்னா போ, இனிமே பொய் சொல்லிட்டுப் போகாதே" என்றார். அர்த்தம் சொன்னேன், நாயும் வாளியும் சொன்னேன். எப்படிப் பயன்படுத்துவது என்று சொன்னேன், குதிரையைச் சொன்னேன். கடைசி வரிசைத் தலைக்கு மேலே பார்த்துத்தான் பேசினேன். மூன்றரை நிமிஷம் தடங்கல் இல்லை. அப்புறம் நேரில் அறிந்த உதாரணம். முந்தின நாள் கடையிலிருந்து வந்த கோபத்தில் உங்கள் கதையைத்தான் தயார் செய்திருந்தேன். மண்டபம், மூன்று வணக்கம், பொன்னாடை, பூக்கார அம்மா. இங்கிலீஷில் ஒரு எழுத்துப் பிசகில்லாமல். கேட்க வந்தவர்களில் மயிலாப்பூர்க்காரர்கள் ஆறு பேராவது இருப்பார்கள். ஒருவர் கையில் மடல்கூட இருந்தது.

'மை பிரதர்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை. வார்த்தை வராமல் இல்லை அண்ணே, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. 'உனக்கு மட்டும்' என்று நீங்கள் எனக்குச் சொன்னது. வேறு உதாரணமும் என்னிடம் இல்லை. ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்றேன். மணி அடித்தார்கள். உட்கார்ந்தேன்.

இரண்டு மார்க்கில் போய்விட்டது. மேஜை வேலை வேறொருவருக்கு. டிசம்பரில் மறு பரீட்சை, ஆஸ்பத்திரியில் அப்போது இன்னோர் இடம் வரலாம் என்கிறார்கள், வராமலும் போகலாம்.

இனிமேல் மேடம் விலாசத்துக்குக் கடிதம் வேண்டாம். கடைக்கே போடுங்கள். பெரியத்தான் பிரிப்பார், சத்தமாக வாசிப்பார், எல்லோரும் கேட்பார்கள். எப்படியும் எல்லோரும் படிக்கத்தானே எழுதுகிறீர்கள்.

முழங்காலைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

சந்திரிகா


மயிலாப்பூர்
27 அக்டோபர் 2025

இந்த உறையை முதலில் பிரிக்கப் போகிற அய்யாதுரை அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். கடையில் கூட்டம் இருக்கும்போது வாசியுங்கள். என் கைராசி உங்களுக்குத் தெரியும், நாலு பேர் கேட்டால் நாலு ஜாக்கெட் துணி கூடப் போகும்.

உப்புமா என்பது நான்தான், அது உங்களுக்கு முன்பே தெரியும். தெரியாததை எழுதுகிறேன். மந்தைவெளி மண்டபத்தில் எனக்கு வயிறு கலங்கவில்லை. மூன்று வணக்கம் சொல்லிவிட்டு, நாலாவது வராமல், சமையல்கட்டு வழியாக ஓடியவன் நான். அந்தப் பாயசத்தை வைத்தவர் பட்டினப்பாக்கத்தில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை தேடிப் போய்ச் சொன்னேன். "நல்ல பாயசம் சார் அது" என்றார். ஜுவேரியா மேடத்திடமும் போய் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. புஷ்பத்திடம் சொன்னேன். அவள் மூன்று நாளாக எனக்கு மிளகாய் போட்டுச் சமைக்கிறாள், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னட்டும் என்று.

மாப்பிள்ளை பிரபுவுக்கு: தைலம் தேய்த்த கையை வைத்து நான் சிரிப்பு மூட்டினேன். உங்கள் மனைவி உங்களிடம் முதலில் தன் வாயால் சொல்வதற்கு நாளைக் குறித்து வைத்திருந்தாள். கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்த நாளையும் நான்தான் திருடினேன்.

சந்திரிகாவுக்கு: உபைத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது, எனக்குக் கைவசம் நீ இருந்தாய். எழுதும்போது உன் முகம் ஞாபகம் வந்தது. அதைவிட அடுத்த வரி நன்றாக வந்தது. அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்குச் சாக்குத் தெரியவில்லை. இந்த வாரக் கொசுறில் மண்டபத்துக் கதையை என் சொந்தப் பெயரில் எழுதிவிட்டேன். இனி அது ரகசியம் இல்லை. மறு பரீட்சைக்கு என்னையே உதாரணமாக வைத்துக்கொள். பெயரை மாற்ற வேண்டாம்.

கனகராஜ்


(தபால் அட்டை)
தி.நகர்
12 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கடைக்கு வந்தது. பெரியத்தான் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். ஏழெட்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பாயசம் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மீதியை இவர் வாங்கி மனதுக்குள் வாசித்தார். லேமினேட் பண்ணின பேப்பர் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

செவ்வாய்க்கிழமை இவர் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார், பஸ் கிளம்பும் வரை நின்றார்.

மறு பரீட்சை டிசம்பர் பன்னிரண்டு. உங்கள் உதாரணம் வேண்டாம். நேரில் அறிந்ததைத்தான் கேட்கிறார்கள், என்னிடம் இப்போது சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. அதில் ஓர் அண்ணன் வருவார். பெயர் சொல்ல மாட்டேன். ஊரை மாற்றிவிடுவேன், நம்பரையும் மாற்றிவிடுவேன்.

லாவண்யா வந்து என் போனுக்குத் தனிப் பூட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த நம்பர் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

சந்திரிகா